முதியோர் இல்லத்தில் புகை: இரு நாடுகள், ஒரே இடைவெளி

ஐம்பது ஆண்டுகளாகப் பீடி பிடித்துப் பழகியவரும், மூச்சிரைப்புக்கு நெபுலைசரை நம்பியிருப்பவரும் அடுத்தடுத்த கட்டிலில் படுக்கும் இடம் முதியோர் இல்லம். அங்கே தங்கியிருப்பவர்களுக்கு அது வீடு. அவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டும் பணியாளருக்கு அது வேலையிடம். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்த சட்டம் இந்தியாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை.

இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2இல் நடைமுறைக்கு வந்த விதிகள் பணியிடங்களையும் அதற்குள் கொண்டுவந்தன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பொறுப்பாளர் எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும்; சாம்பல் கிண்ணமோ தீப்பெட்டியோ வைக்கக் கூடாது. 30 அறைகளோ அதற்கு மேலோ கொண்ட ஓட்டல்களுக்குத் தரப்பட்ட ‘புகைபிடிக்கத் தனி இடம்’ என்ற சலுகை முதியோர் இல்லங்களுக்கு இல்லை.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையை உருவாக்கி, மூடப்பட்ட பொது இடங்களில் புகைத்தலைத் தடை செய்தது. புகைக்க விடுவதும் அங்கே குற்றம். காவல்துறை, மதுவரி அதிகாரிகளோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு. இது இலங்கைக்குள்ள பெரிய வசதி. டெங்கு நுளம்பைத் தேடி வளவு வளவாகப் போகும் அதே பரிசோதகர் முதியோர் இல்லத்தின் வராந்தாவையும் பார்த்துவிட்டு வரலாம்.

முதியோருக்கென்றே வந்த சட்டங்கள் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. இலங்கையின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் இல்லங்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தக் கூரைக்குக் கீழே காற்று எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டும் சொல்லவில்லை.

நடைமுறை இங்கேதான் பிரிகிறது. கோவைப் பக்கம் பெருகியுள்ள முதியோர் குடியிருப்புகளில் வீட்டை விலைக்கு வாங்கிக் குடியேறுகிறார்கள். அந்தக் கதவுக்குள் பொது இடச் சட்டம் நுழையாது. அடுத்த வீட்டு ஜன்னலில் புகை நுழையும். இலங்கையில் அரசும் சமய, தரும அமைப்புகளும் நடத்தும் இல்லங்களில் பொதுக்கூடங்களே அதிகம். அங்கே தடை போடுவது எளிது. போட்டதும் ஒளிந்து கழிப்பறையில் பற்றவைப்பதும் எளிது. விலையும் வேறு. இலங்கையில் ஒரு சிகரெட்டே நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. வருமானமில்லாத முதியவர் பார்க்க வருபவரிடம் கேட்டுக் கூசி நிற்கிறார். இந்தியாவில் பீடிக்கட்டு மலிவு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணப் புகையிலை 19ஆம் நூற்றாண்டிலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. யாழ்ப்பாணத்துக் கைதடி முதியோர் இல்லத்தில் இருப்பவர் தன் தோட்டத்தில் புகையிலை நட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவராக இருக்கலாம். நெல்லை மாவட்டத்து முதியவள் பீடி சுற்றியே குடும்பத்தைக் கரையேற்றியிருக்கலாம். அவர்களிடம் உபதேசம் எடுபடாது. தெளிவான விதியும் உதவியும் எடுபடும்.

விதி இப்படி இருக்கட்டும்: கூரைக்குக் கீழே, தனி அறை உட்பட, எங்கும் புகை கூடாது. புகைக்கென ஓர் அறை ஒதுக்கினாலும் காற்றோட்டக் கருவி பொருத்தினாலும் மற்றவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் வழிகாட்டி 2007இலேயே சொல்லிவிட்டது. விட முடியாதவருக்கு ஜன்னல்களுக்கு எட்டத்தில், சக்கர நாற்காலி போகக்கூடிய திறந்தவெளி இடம் வேண்டும். கை நடுங்குபவரோடும் மறதி நோயாளியோடும் துணைக்கு ஆள் போக வேண்டும். ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே தீக்குச்சி வரவே கூடாது. படுக்கையோடு கருகிச் சாக ஒரு பொறி போதும்.

‘இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது?’ என்பது தவறான ஆறுதல். ரிச்சர்ட் டால் குழுவினர் பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, 60 வயதில் நிறுத்துபவருக்கும் ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுள் கூடுகிறது என்று காட்டியது. ஆனால் நிறுத்துவதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை எடுப்பவருக்குப் புகை நின்றதும் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். அளவைக் குறைக்க வேண்டிவரும். விட நினைப்பவருக்கு இந்தியாவில் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. இல்லத்து அறிவிப்புப் பலகையில் அது பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

புகைத்தார் என்பதற்காக எந்த முதியவரையும் வெளியே அனுப்பக் கூடாது. போக வேறு இடமில்லை என்பதால்தான் பலர் அங்கே இருக்கிறார்கள். இரு நாட்டு அரசுகளும் இந்த விதிகளை இல்லங்களின் பதிவு நிபந்தனைகளிலேயே எழுதிவிட வேண்டும். அதுவரை, பெற்றோரைச் சேர்க்கப்போகும் பிள்ளைகள் சாப்பாட்டையும் கட்டணத்தையும் விசாரிக்கும்போது புகை பற்றிய விதியையும் கேளுங்கள்.