கீலுக்கு ஒன்று, ரப்பருக்கு ஒன்று

காரை வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், கழுவி முடித்த பிறகு பல இடங்களில் இன்னொரு வேலையும் நடக்கும். பழைய இன்ஜின் ஆயிலோடு டீசலைக் கலந்து, ஸ்ப்ரே கன்னில் ஊற்றி, வண்டியின் அடிப்பாகம் முழுக்க அடித்து விடுவார்கள். "இனி சத்தமே வராது சார்" என்பார்கள். சில நாட்களுக்கு வராது என்பது உண்மைதான். கீச்சொலிக்கு நம்மூரில் செய்யப்படும் வைத்தியங்களில் முதலில் கைவிட வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. அம்பாசிடர் காலத்து வண்டிகளில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒன்றையொன்று உரசும். இடையில் எண்ணெய் புகுந்தால் சத்தமும் அடங்கும், துருவும் தள்ளிப்போகும். அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் உத்தர்பாராவில் நின்றுவிட்டது. இன்று நாம் ஓட்டும் சிறு கார்களில் இருப்பது சுருள் ஸ்பிரிங். மூட்டுக்கு மூட்டு ரப்பர் புஷ். டீசலும் மினரல் ஆயிலும் அந்த ரப்பருக்குள் ஊறினால் அது உப்பும், இளகும், பிடிமானம் இழக்கும். போதாததற்கு, கழித்துப்போட்ட ஆயிலில் எரிப்பில் உண்டான அமிலமும் உலோகத் துகளும் கலந்திருக்கும். வண்டி மாறிவிட்டது; வைத்தியம் மாறவில்லை.

வயலினில் வில் எப்படி நாதம் எழுப்புகிறதோ அப்படித்தான் காரும் கீச்சிடுகிறது. இரு பரப்புகள் ஒரு கணம் ஒட்டிக்கொள்கின்றன, மறுகணம் வழுக்குகின்றன. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கும்போது காதுக்கு ஒலியாகிறது. எந்த வழுவழுப்பான பொருளைப் பூசினாலும் இந்த ஒட்டல் அப்போதைக்கு விட்டுப்போகும். அதனால்தான் எல்லா எண்ணெயும் முதல் நாளில் வெற்றி பெறுகிறது. பூசிய இடத்திலேயே தங்குமா, பூசிய பரப்பை அரிக்காமல் இருக்குமா என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் நான் எதையும் எடைபோடுவேன்.

நீல மஞ்சள் டப்பாவில் வரும் டபிள்யூடி-40 முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறது. அதைக் குறை சொல்வது நியாயமும் ஆகாது. 1953இல் சான் டியாகோவில் உருவான அதன் பெயரே 'நீரை விரட்டும் கலவை, நாற்பதாவது முயற்சி' என்பதன் சுருக்கம். அட்லஸ் ஏவுகணையின் மேல்தகடு துருப்பிடிக்காமல் காக்கப் பயன்பட்டது. அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகும் கரைப்பான். மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். துருப்பிடித்து இறுகிய கீலை இளக்க அதைவிடக் கைக்கு எளிய பொருள் அரிது. ஆனால் அடித்ததோடு விட்டால், கீலுக்குள் மிச்சமிருந்த பழைய கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். சத்தம் திரும்பி வரும். அடி, துடை, பிறகு கிரீஸ் வை.

எண்ணெய் ஒழுகாமல் நிற்க அதைக் கெட்டிப்படுத்த வேண்டும் என்பது மாட்டுவண்டிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து அச்சுக்கு மையாக இட்டார்கள். லித்தியம் கிரீஸில் அந்த வேலையைச் செய்வது சோப்பு. கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் 1942இல் காப்புரிமை பெற்ற வழி இது: லித்தியம் சோப்பின் நுண்ணிழைகள் பஞ்சுபோல எண்ணெயைப் பிடித்துவைத்து, அழுத்தம் வரும்போது கசியவிடும். தண்ணீருக்கு எளிதில் கரையாது, வெயிலுக்கு உருகி ஓடாது. கதவுக் கீல், கதவை நிறுத்தும் பட்டை, பானட் கொக்கி, சீட் தண்டவாளம் என்று இரும்பும் இரும்பும் உரசும் இடங்களுக்கெல்லாம் இதுவே சரி. டப்பாவில் 'என்எல்ஜிஐ 2' என்ற தர எண் இருந்தால் போதும். மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ் இன்னும் அதிகச் சுமை தாங்கும். ஆனால் கதவருகே புடவையோ வேட்டியோ பட்டால் கறை போகாது, அங்கே வெள்ளை லித்தியம் கிரீஸே நல்லது. லித்தியம் கிரீஸின் குறை, அது புழுதியை ஈர்ப்பது. நம் சாலையின் மண் அதில் சேர்ந்தால் உப்புத்தாள் தேய்த்த கதைதான். ஆகவே பழையதைத் துடைத்தெடுத்துவிட்டு, விரல் நுனியளவு.

ரப்பரிடம் வந்தால் கிரீஸ் தோற்கிறது. கதவு பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய் எதுவும் அதற்கு ஆகாது. இங்கே சிலிக்கோனுக்கு நிகரில்லை. பீடிங், கண்ணாடி ஏறி இறங்கும் சேனல், பிளாஸ்டிக் மூட்டுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். தேங்காயெண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. நாள்பட அது சிக்குப்பிடித்து அழுக்கைச் சேர்க்கும். சிலிக்கோனுக்கும் எல்லை இருக்கிறது. சுமை தாங்கும் இரும்பு மூட்டில் அதன் படலம் கிழிந்துவிடும். முன்கண்ணாடியில் தெறித்தால் வைப்பர் அதிரும், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறும். பெயின்ட் அடிக்கப்போகும் தகட்டில் பட்டால் பெயின்ட் குழி விழும். எனவே துணியில் அடித்து, துணியால் தடவ வேண்டும்.

இரண்டு டப்பாவுக்குத்தான் பணம் என்றால் லித்தியமும் சிலிக்கோனும் வாங்குங்கள். இதுவே என் முடிவு. எதைப் பூசினாலும் பிழையாகும் சத்தங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பல பிரேக் பேடுகளில், தேய்ந்ததும் டிஸ்கில் உரசிக் கத்துவதற்கென்றே சிறு தகடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கூச்சலை அடக்க டிஸ்கில் எண்ணெய் விடுவது உயிரோடு விளையாட்டு. கேலிப்பர் பின்னுக்கு கிரீஸ் தேவை, அதுவும் பிரேக்குக்கென்றே வரும் வகை. அதை மெக்கானிக் வைக்கட்டும். பெல்ட் கத்தினால் அது வழுக்குகிறது என்று பொருள். எண்ணெய் பட்டால் இன்னும் வழுக்கும். உறை கிழிந்த பால் ஜாயிண்டை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்பீடு பிரேக்கரில் அடியிலிருந்து கீச்சொலி வந்தால், எதையும் வாங்குமுன் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புஷ்ஷில் மட்டும் ஊற்றிவிட்டு, வண்டியின் மூலையை அழுத்தி ஆட்டிப் பாருங்கள். சத்தம் அடங்காவிட்டால் அடுத்த புஷ். அடங்கிய இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்; முழுசாக இருந்தால் மட்டும் சிலிக்கோன்.