வளைவுக்குக் கட்டினோம், நேர்கோட்டை விட்டுவிட்டோம்

வத்தலக்குண்டில் சீராக ஓடிய பழைய கார்புரேட்டர் பைக், டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று ஏற ஏற மந்தமாகிவிடும். எவ்வளவு முறுக்கினாலும் இழுவை இருக்காது. சைலன்சரில் கரும்புகை வரும். கொடைக்கானல் மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினால் முனை முழுக்கக் கரி. பெட்ரோல் வழக்கம்போல வருகிறது, அதை எரிக்கும் அளவுக்குக் காற்று இல்லை. அவர் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி, தேவைப்பட்டால் மெயின் ஜெட்டைச் சின்னதாக மாற்றிப் போட்டு அனுப்பிவிடுவார்.

கொடைக்கானலின் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. என்ஜினுக்கு அது இழப்பு, வண்டியின் உடலுக்கு லாபம். முன்னால் நின்று தடுக்கும் காற்றும் அதே அளவு குறைகிறது அல்லவா? தரைவேகச் சாதனைக்குக் கார் வடிவமைப்பவர்கள் வாழ்நாள் முழுக்கப் போராடுவது இந்தக் கொடுக்கல் வாங்கலோடுதான். அவர்களுடைய புண்ணிய பூமியான அமெரிக்காவின் பானவில் உப்புத் தரை சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழனி மலையின் தலைப்பகுதி அதைவிட வெகு உயரம். இங்கே இல்லாதது சமதரை ஒன்றுதான்.

வேகம் கூடக் கூடக் காற்று கேட்கும் விலை எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். வேகத்தை இரண்டு மடங்காக்க, காற்றைப் பிளக்க மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும். ஆகவே பெரிய என்ஜினைத் தேடுவதைவிட உடலைச் சிறிதாக்குவது புத்திசாலித்தனம். மாருதி 800 காரின் 796 சிசி என்ஜினை எடுத்துக்கொள்வோம். நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாதது. ஓட்டுநரை மல்லாந்து படுக்கவைத்து, முன்பரப்பை 0.6 சதுர மீட்டருக்குள் அடக்கி, காற்றுத்தடைக் குணகத்தை 0.2-க்குக் கொண்டுவந்து, எடையை 600 கிலோவில் நிறுத்தினால், நல்ல தார்த்தரையில் அதே என்ஜின் 225 கிலோமீட்டர் வேகத்தை எட்டிப்பிடிக்கும் என்பது என் கணக்கு. குடும்பத்தோடு மலைக்குப் போய்வந்த என்ஜின்தான் இது!

இந்த என்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டியவர் நம் கோவைக்காரர். லட்சுமி மில்ஸ் குடும்பத்து எஸ். கரிவரதன், 1988இல் ஃபார்முலா மாருதியைக் கொண்டுவந்தார். ஒற்றை இருக்கை, ஓட்டுநருக்குப் பின்னால் மாருதி என்ஜின். இறக்குமதிக் காரை வாங்க வசதியுள்ள சிலருக்கே பந்தயம் என்றிருந்த நிலையை உடைத்த வண்டி அது. நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அதில்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன் வரை போனார். 1995இல் சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தபின்னும் கோவைப் பட்டறைகள் ஓயவில்லை. ஜே. ஆனந்தின் ஜே.ஏ. மோட்டார்ஸ்போர்ட் போன்றவை கார்களைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் கரிவரதன் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால் இவர்கள் அத்தனை பேரும் வளைவுக்காகவே கார் கட்டினார்கள். அதில் தவறில்லை, இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் இருப்பவை வளைவுத் தடங்கள். வளைவில் வெல்ல வேண்டுமென்றால் காரைத் தரையோடு அழுத்த இறக்கை வேண்டும், அகலமான டயர் வேண்டும், சட்டென்று நிறுத்தவும் திரும்பவும் வேண்டும். நேர்கோட்டில் இவை எல்லாமே பாரம். அங்கே வேண்டியது ஒடுங்கிய உடல், மெல்லிய சக்கரம், திசை மாறாத பிடிவாதம். அம்புக்குப் பின்னால் இறகு கட்டுவதுபோல் வாலில் செங்குத்தான துடுப்பு வைப்பார்கள். காற்று அழுத்தும் மையம் எடையின் மையத்துக்குப் பின்னால் இருந்தால்தான், கொஞ்சம் விலகிய வண்டி தானாக நேராகும். முன்னால் போய்விட்டால், சின்னக் குறுக்குக் காற்றுகூட வண்டியைச் சுழற்றிப் போட்டுவிடும்.

ஒலியின் வேகத்தையே தரையில் தாண்டிய த்ரஸ்ட் எஸ்எஸ்சி காரில் இந்தக் கவலைகள் உச்சத்துக்குப் போயின. 1997 அக்டோபர் 15 அன்று நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஆண்டி கிரீன் அதை மணிக்கு 1,228 கிலோமீட்டரில் ஓட்டினார். அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பே ஜெட் என்ஜின்கள். அந்த வேகத்தில் ரப்பர் தாங்காது என்பதால் டயரே இல்லாத அலுமினியச் சக்கரங்கள். எனக்குப் பிடித்த தகவல் வேறு: அந்தக் கார் பின்சக்கரத்தால் திரும்புவது. அது சரிவருமா என்று பார்க்க, வடிவமைப்பாளர்கள் முதலில் ஒரு பழைய மினி காரை மாற்றியமைத்து ஓட்டிப் பார்த்தார்கள். மினியில் செய்ய முடிந்ததை மாருதியில் செய்ய முடியாதா என்ன?

இனி தரைக்கு வருவோம், நம் சிக்கல் அங்கேதான். சர்வதேச மோட்டார் சம்மேளன விதிப்படி ஒரே தூரத்தை இரு திசைகளிலும், ஒரு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை. பின்காற்றின் உதவியோ சரிவின் உதவியோ செல்லாது. அளந்து சொன்னால்தான் வேகம் என்ற இந்தக் கறார் கொடைக்கானலுக்குப் புதிதல்ல. இங்குள்ள சூரிய ஆய்வகத்தில் 1909இல் வானியலாளர் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாயும் வேகத்தை ஒளிக்கோடுகளின் இடப்பெயர்ச்சியை வைத்தே கணித்தார்.

மேலே சொன்ன மாருதி என்ஜின் கார் 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொடவே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும். அளவுத்தூரம் ஒரு கிலோமீட்டர். மறுதிசைக்கும் அதே ஓட்டம் வேண்டும். மொத்தம் ஏழு கிலோமீட்டர் நேர்த்தரை. மதுரை விமான நிலைய ஓடுதளமே சுமார் 2.3 கிலோமீட்டர்தான். மலையடிவாரத்தில் தொடங்கி உச்சி வரை தேடினாலும் கொண்டையூசி வளைவுகள்தான் கிடைக்கும். குஜராத்தின் கட்ச் ரண் பெரிய உப்புவெளிதான். ஆனால் பல இடங்களில் மேலோட்டுக்கு அடியில் சேறு.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டும் சாதனை தேடிப் பானவில்லுக்குத்தான் போனது. 2018இல் கேலா ரிவாஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண், கான்டினென்டல் ஜிடி 650 பைக்கில் மணிக்கு 150 மைல் வேகத்தை அங்கே தாண்டினார். பெருமையான விஷயம். ஆனால் அப்படிப் பயணம் போக நம் கல்லூரி மாணவர்களுக்கு வசதி ஏது?

இவ்வளவு சொன்னபின்னும் மாணவர்களைத்தான் நம்புகிறேன். 2016 செப்டம்பரில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள், வென்டூரி நிறுவனத்தோடு சேர்ந்து கட்டிய மின்சாரக் கார் பானவில்லில் மணிக்கு 549 கிலோமீட்டர் ஓடியது. மின்மோட்டார் மூச்சு விடுவதில்லை. அடர்த்தி குறைந்த காற்றில் அதன் திறன் குறையாது, காற்றுத்தடை மட்டும் குறையும். கொடைக்கானலில் பைக் திணறும் காரணமே அதற்குக் கிடையாது. ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாட்டின் பல கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு கோவையில் கூடுகிறார்கள். மின்சாரக் கார்களுக்கும் அங்கே தனிப்பிரிவு உண்டு. சேசிஸ் வெல்டிங், பேட்டரி, மோட்டார் கட்டுப்பாடு எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. நேர்கோட்டு வேகச் சாதனைக்கென்று அவர்களுக்கு ஒரு போட்டி மட்டும் இல்லை.

அப்படி ஒரு போட்டி இல்லாததால்தான் வேக ஆசை தவறான இடத்தில் போய் முட்டுகிறது. விடுமுறை நாள்களில் கொடைக்கானல் மலைச்சாலையில் பைக்குகள் எதிர்வரும் பேருந்தையும் பார்க்காமல் வளைவில் முந்துவதைப் பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கும். அந்தச் சாலை பந்தயத்துக்கானது அல்ல.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தில்தான் சோழவரம் பந்தயங்கள் பல பத்தாண்டுகள் நடந்தன. நம் பந்தயக் கார் மரபே அங்கிருந்து வளர்ந்தது. அதே காலத்து ஓடுதளங்கள் கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு ஆகிய இடங்களிலும் உண்டு. ஏழு கிலோமீட்டர் அங்கே கிடைக்காது. நின்ற இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் என்ற குறுந்தூரப் போட்டிக்கு மதுரை அளவு ஓடுதளம் இருந்தால் போதும்; நம் மாருதி என்ஜின் கார் அதில் 160 வரை போய்ப் பத்திரமாக நிற்கும். இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பும், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் அரசிடம் பேசி, ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் ஓர் ஓடுதளத்தைக் கேட்டு வாங்க வேண்டும். 1,000 சிசிக்கு உட்பட்ட கார்களுக்கு ஒரு வகுப்பு, மின்சாரக் கார்களுக்கு ஒரு வகுப்பு, ஒளிக்கற்றைக் கடிகாரம், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி. முதல் ஆண்டுக்கு இவ்வளவு போதும்.