‘டக்’கென்று உட்காரும் நொடி

பழைய லாரியில் கியர் பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் வேலையை, நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

முதலில் கிளட்ச் பிளேட். அதன் நடுத்துளையும் ஃப்ளைவீல் நடுவிலுள்ள சிறு பேரிங்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அதற்காகக் கழற்றிப் போட்ட பழைய கியர் பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றை உள்ளே செருகி, அதன்பிறகே பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக இறுக்குவார்கள். தேய்ந்துபோன ஒரு ஷாஃப்ட்டுக்கு இது கௌரவமான வேலை.

பிறகு ஜாக்கியில் கியர் பாக்ஸ் மேலேறும். அதன் ஷாஃப்ட்டின் பற்கள் கிளட்ச் பிளேட்டின் பற்களுக்குள் இறங்காமல் முரண்டு பிடித்தால், மெக்கானிக் ஒரு கியரைப் போட்டுவிட்டுப் பின்பக்க ஃப்ளாஞ்சை மெல்லத் திருப்புவார். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸ் ஹவுசிங்குக்கும் நடுவே இடைவெளி சுற்றிலும் சமமா என்று விரலால் தடவிப் பார்ப்பார். கண்ணை அவ்வளவாக நம்பமாட்டார். லேசாக ஓர் உலுக்கல். ‘டக்’. அந்த ஓசையைக் கேட்கவே நின்றுகொண்டிருப்பேன்.

அவசரக்காரர்கள் போல்ட்டை முடுக்கியே இழுத்துச் சேர்ப்பார்கள். ஹவுசிங் காது உடையும். கியர் பாக்ஸின் பாரம் பிளேட்டில் தொங்கினால் பிளேட் வளைந்து, கிளட்சை மிதித்தாலும் கியர் சரியாக விழாது. உங்கள் வண்டியில் யாராவது அப்படி இழுத்தால், தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.