ஒரு கோலில் தோற்கும் அணியும் அதன் பயிற்சியாளரும்

1-2, 2-3, 3-4, 1-2, 2-3, 2-3, 3-6.

2025 ஜூன் 7 முதல் 21 வரை இந்திய ஆண்கள் ஹாக்கி அணி ஐரோப்பாவில் ஆடிய ஏழு ஆட்டங்களின் முடிவு இது. புரோ லீக்கில் நெதர்லாந்திடம் இரண்டு, அர்ஜென்டினாவிடம் இரண்டு, ஆஸ்திரேலியாவிடம் இரண்டு, பெல்ஜியத்திடம் ஒன்று என்று வரிசையாகத் தோல்வி. மேட்டூர் அணை திறந்த ஜூன் 12 அன்றும் ஒரு தோல்வி. அன்றைக்குப் பூதலூர் ரயிலடி டீக்கடையில் பேச்செல்லாம் தண்ணீர் எப்போது கல்லணைக்கு வந்து சேரும், குறுவைக்கு எப்போது நாற்று விடலாம் என்பதுதான். அதற்கு நடுவில், பள்ளிக்கூட அணியில் ஆடும் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து, "கோச்சை மாத்திடுவாங்களா சார்?" என்று கேட்டான். மாற்றிவிடுவார்களோ என்ற கவலையோடுதான் கேட்டான்.

மாற்றக் கூடாது என்றுதான் அவனிடம் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன். ஆனால் அதற்கான காரணம், அந்த அணி பிறகு ஜெயித்தது என்பது மட்டும் அல்ல.

அந்த ஏழு முடிவுகளை இன்னொரு தடவை பாருங்கள். ஆறு ஆட்டங்களில் தோல்வி ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். நெதர்லாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 58வது நிமிடம் வரை 1-1 என்று சமநிலை. அதன் பிறகுதான் தைஸ் வான் டாம் அடித்த கோலில் ஆட்டம் கைவிட்டுப் போனது. பயிற்சியாளரின் திட்டம் சிதறிப்போன அணி இப்படித் தோற்காது. அது 0-4, 1-6 என்று தோற்கும், முதல் கால்பகுதியிலேயே தோள் தொங்கிவிடும். கிரெய்க் ஃபுல்டன் 2023 ஏப்ரலில் பொறுப்பேற்றது முதல் வலியுறுத்தி வந்தது ஒன்றைத்தான்: முதலில் தற்காப்பு, அதைப் பிடித்துக்கொண்டு வெற்றி. உலகின் முன்னணி அணிகளை ஐம்பது நிமிடத்துக்கு மேல் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அந்தத் திட்டம் வேலை செய்தது. பல ஆட்டங்களில் கடைசிக் கட்டத்தில்தான் ஓட்டை விழுந்தது.

அதற்கும் கண்ணுக்குத் தெரிந்த காரணங்கள் இருந்தன. பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஸ்ரீஜேஷ் விடைபெற்றுவிட்டார். 2006இலிருந்து இந்திய அணிக்கு ஆடிய ஒரு கோல்கீப்பர், பின்னால் நின்று குரல் கொடுத்தே தற்காப்பை நடத்தியவர். அவர் இடத்தில் கிருஷண் பதக்கும் சூரஜ் கர்கேராவும் பழகிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் காயத்தால் சில ஆட்டங்களில் இறங்கவில்லை. பெனால்டி கார்னரை நம்பி ஆடும் அணிக்கு அவர் இல்லாதது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டில் எதையும் புதிய பயிற்சியாளர் ஒருவர் வந்து பதினைந்து நாளில் சரிசெய்திருக்க முடியாது.

என்னைக் கவலைப்படுத்தியது 3-6 மட்டும்தான். அதில் கட்டுக்கோப்பு குலைந்திருந்தது. மறுநாளே அதே பெல்ஜியத்தை 4-3 என்று வென்றார்கள். புரோ லீக்கில் ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். பிப்ரவரியில் புவனேஸ்வரத்தில் சேர்த்து வைத்திருந்த 15 புள்ளிகள் இல்லாவிட்டால் கீழே இறங்கியிருப்பார்கள். பிறகு செப்டம்பர் 7, ராஜ்கிர். ஆசியக் கோப்பை இறுதியில் கொரியாவை 4-1 என்று வீழ்த்தி, 2026 உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதி. அங்கே நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோப்பை வந்தது என்பதற்காக ஜூன் மாதத்துக் கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட, ஜூன் மாதத்தை அனுபவித்த அதே ஆள் இருக்கிறார். அதுதான் முக்கியம்.

பெண்கள் அணியின் கதை வேறு. என் மனசு அங்கேதான் அதிகம் அலைகிறது.

டோக்கியோவை நினைத்துப் பார்க்கலாம். 2016 ரியோவில் பன்னிரண்டில் பன்னிரண்டாவதாக வந்த அணி. 2017இல் சியோர்ட் மரைன் என்ற நெதர்லாந்துக்காரர் பயிற்சியாளராக வருகிறார். சில மாதத்திலேயே ரோலன்ட் ஓல்ட்மன்ஸை நீக்கிவிட்டு மரைனை ஆண்கள் அணிக்கு மாற்றுகிறார்கள். அந்த அக்டோபரில் டாக்காவில் ஆசியக் கோப்பையை வெல்கிறார். 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நான்காவது இடம். உடனே அவரைத் திரும்பப் பெண்கள் அணிக்கு அனுப்பி, அங்கே இருந்த ஹரேந்திர சிங்கை ஆண்கள் அணிக்குக் கொண்டுவருகிறார்கள். ஹரேந்திராவுக்குக் கிடைத்தது அந்த ஆண்டு டிசம்பர் உலகக் கோப்பை வரைதான். காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றதும், 2019 ஜனவரியில் அவரும் போனார். இரண்டு நல்ல பயிற்சியாளர்கள், இரண்டு அணிகள். நான்கு தரப்புக்கும் நிலைத்து நிற்க இடம் கொடுக்காத ஒன்றரை ஆண்டு அது.

அதன் பிறகு மரைனை யாரும் தொடவில்லை. பெங்களூரு முகாமில் கொரோனா காலம் முழுக்க அந்தப் பெண்களோடு கிடந்தார். ராணி ராம்பால் உட்பட ஏழு பேருக்குத் தொற்று வந்தது. டோக்கியோவில் முதல் மூன்று ஆட்டங்கள்: நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. மூன்று ஆட்டத்தில் பதினொரு கோல் வாங்கிய அணி. அயர்லாந்துக்கு எதிராக 57வது நிமிடத்தில் நவ்னீத் கவுர் அடித்த ஒற்றை கோலில் உயிர் பிழைத்தது. மறுநாள் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்து 4-3. அதன்பின் 2021 ஆகஸ்ட் 2 அன்று காலிறுதியில் குர்ஜித் கவுரின் கோலில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 3-4. முதல் சுற்றில் 1-4 என்று தோற்ற அதே பிரிட்டனை ஒன்பதே நாளில் நெற்றி வியர்க்க வைத்தார்கள். பதக்கம் இல்லை, ஆனால் அந்த நான்காவது இடத்தை நான் பல பதக்கங்களைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மூன்று தோல்விக்குப் பிறகும் அந்தப் பெண்கள் மரைன் சொன்னதைக் கேட்டார்கள், அதை ஆடினார்கள். ஒரு பயிற்சியாளர் இருக்கலாமா போகலாமா என்று முடிவெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

டோக்கியோவோடு மரைன் விடைபெற்றார். அவருக்குத் துணையாக இருந்த யானெக்கே ஷாப்மன் பொறுப்பேற்றார். அது சரியான முடிவு. 2022 காமன்வெல்த் வெண்கலம், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம். பிறகு 2024 ஜனவரியில் ராஞ்சியில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று. மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-1 தோற்று, பாரிஸ் வாய்ப்பு பறிபோனது. பெண்கள் அணிக்கு ஆண்கள் அணிக்குரிய மதிப்பு கிடைப்பதில்லை என்று ஷாப்மன் வெளிப்படையாகச் சொன்னார். சில நாளில் ராஜினாமா. அடுத்து மறுபடியும் ஹரேந்திர சிங். ராஜ்கிரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வந்தது. 2025 ஜூனில் புரோ லீக்கில் கடைசி இடம், கீழ்நிலைக்கு இறக்கம். ஆசியக் கோப்பை இறுதியில் சீனாவிடம் 1-4. டிசம்பர் 1 அன்று தனிப்பட்ட காரணம் என்று சொல்லி அவரும் விலகினார். 2026 ஜனவரியில் ஹாக்கி இந்தியா யாரைக் கூப்பிட்டிருக்கிறது தெரியுமா? மரைனை.

எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் நான்கரை ஆண்டு சுற்றி அதே வாசலுக்கு வந்து நிற்கிறோம். இந்த இடைவெளியில் இருபது வயதிலிருந்து இருபத்தைந்துக்கு வந்துவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். ஒருவரின் பாணியைப் பழகி முடிக்கும்போது அடுத்தவர் வந்து வேறொன்றைச் சொல்வார். அவர்களுடைய ஆண்டுகளை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுக்குப் பிறகு தங்கம் வென்று தந்த எம்.கே. கௌஷிக், வென்ற கையோடு நீக்கப்பட்டார். 2002 உலகக் கோப்பையில் செட்ரிக் டிசோசாவைப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றினார்கள். நம் வாசுதேவன் பாஸ்கரனையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1980 மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கிய அணியின் கேப்டன். 2000 சிட்னியில் அவர் பயிற்சியாளர். போலந்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வாங்கிய ஒரு கோலில் ஆட்டம் 1-1 ஆகி, அரையிறுதி வாய்ப்பு போய் ஏழாவது இடம். அந்த ஒரு நிமிடத்தைத் தமிழ்நாட்டு ஹாக்கிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. பிறகு 2006 உலகக் கோப்பைக்கு அவரையே திரும்ப அழைத்தார்கள். பதினோராவது இடம். அவர் போனார், ஜோக்கிம் கார்வாலோ வந்தார். 2008 மார்ச்சில் சாண்டியாகோவில் நடந்த தகுதிச்சுற்றில் பிரிட்டனிடம் 0-2. 1928க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இல்லை. கார்வாலோவும் விலகினார். ஆளை மாற்றி மாற்றியே ஓர் அணியைத் தூக்கி நிறுத்த முடியும் என்றால், அந்தப் பத்தாண்டில் நாம் உலக சாம்பியன் ஆகியிருக்க வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, வலுவானது. 2023 ஜனவரியில் புவனேஸ்வர உலகக் கோப்பை. நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்து, 3-3 ஆகி, ஷூட்-அவுட்டில் தோல்வி. ஒன்பதாவது இடம். டோக்கியோவில் 41 ஆண்டுக்குப் பிறகு பதக்கம் வாங்கித் தந்த கிரஹாம் ரீட் ராஜினாமா செய்தார். ஃபுல்டன் வந்தார். பாரிஸில் 52 ஆண்டுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை வென்று, மீண்டும் வெண்கலம். அப்படியானால் மாற்றம் பலித்ததா, இல்லையா?

பலித்தது. ஆனால் போகும் முன் ரீட் ஒன்றைச் சொன்னார்: இந்த அணிக்கு மனநலப் பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். ஃபுல்டன் வந்த சில மாதத்தில் பேடி அப்டன் அந்தப் பொறுப்பில் சேர்ந்தார். அந்த ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி. பாதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கிய அணி 4-3 என்று வென்றது. பாரிஸ் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகு, பத்து பேரோடு நின்று பிரிட்டனைச் சமாளித்து ஷூட்-அவுட்டில் வென்றது. முந்தையவர் கேட்டது அடுத்தவருக்குக் கிடைத்தது. ரீடுக்கே அது முன்கூட்டிக் கிடைத்திருந்தால் அவரை மாற்ற வேண்டியே வந்திருக்குமா என்பது என் கேள்வி. பயிற்சியாளர் தோற்றுவிட்டார் என்று சொல்லும் முன், அவர் கேட்டதில் எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்கவில்லை என்று பட்டியல் எடுக்க வேண்டும்.

எழும்பூரில் அந்தக் கோப்பையை வென்ற அணியில் அரியலூர் கார்த்தி செல்வம் இருந்தார். கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர். எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி. அவர் கோவில்பட்டி விடுதியில் தங்கிப் பயின்று வந்தவர். ஒரே இடம், ஒரே ஒழுங்கு, பல ஆண்டு. அப்படித்தான் ஓர் ஆட்டக்காரர் உருவாகிறார். பூதலூர் சுற்றுவட்டாரத்தில் ஹாக்கி மட்டை பிடிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கைத் தருவது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்தான். பொதுமாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் பெரும்பாலும் அணியும் கலைந்துவிடும். குறுவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்கும் ஓர் அணியை, அந்தச் சார் மூன்று ஆண்டு விடாமல் பிடித்துக்கொண்டால் அது மாவட்டப் போட்டிக்குப் போகிறது. டெல்லியில் எடுக்கும் முடிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. மேலே பொறுமை இல்லை என்றால் கீழேயும் அதையே கற்றுக்கொள்வார்கள்.

நூற்றைம்பது நாள் சம்பாவை நூறாவது நாளில் வயலில் இறங்கிப் பார்த்துவிட்டு மணி பிடிக்கவில்லை என்று யாரும் உழுது போட மாட்டார்கள். பயிர் சரியாகத் தூர் கட்டியிருக்கிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பூச்சி விழுந்திருந்தால் உடனே இறங்கித்தான் ஆக வேண்டும். ஹாக்கியில் அந்தப் பூச்சி, ஆட்டக்காரர்களின் நம்பிக்கை போய்விடுவது. வீராங்கனைகள் பயிற்சியாளரிடம் பேசவே தயங்கினால், முகாமில் குழு குழுவாகப் பிரிந்து நின்றால், அணி வென்றுகொண்டிருந்தால்கூட அவரை மாற்றுவதுதான் நியாயம். பயிற்சியாளர் முக்கியம்தான், ஆனால் அணி அவருக்காக இல்லை. அவரைத் தொடரவிட வேண்டும் என்று நான் வாதிடுவதே அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியவை சில. மரைனின் அணிக்கு 2026 மார்ச்சில் ஹைதராபாத்தில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. முகாம் தொடங்கி இரண்டு மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. அந்தப் போட்டியின் முடிவை வைத்து அவரை எடைபோடுவது தவறு. செப்டம்பரில் ஜப்பானில் ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டு வருகிறது. அங்கே தங்கம் வென்றால் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு நேரடி இடம். மரைனின் பணியை முதலில் மதிப்பிடும் நாள் அதற்குப் பிறகுதான் என்று ஹாக்கி இந்தியா இப்போதே அறிவிக்க வேண்டும். மதிப்பிடப்போவது யார், எதை வைத்து என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்களிடம் தனித்தனியாக, பெயர் வெளியே வராமல் கருத்துக் கேட்க வேண்டும். ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடக்கும் உலகக் கோப்பைக்குப் போகும் ஃபுல்டனுக்கும் அதே நடைமுறை, அதே நாள். ஆண்கள் அணிக்கு ஒரு பொறுமை, பெண்கள் அணிக்கு ஒரு பொறுமை என்று இருக்கக் கூடாது. ஷாப்மன் சொல்லிவிட்டுப் போனது அதைத்தான், அதற்கு இன்னும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை.