இரவுத் தொழுகையும் நம் கைநூல்களும்

ரமலான் பிறை தென்பட்ட செய்தி வந்ததும் நம் இல்லங்களில் தேடப்படும் பொருள்கள் இரண்டு. ஒன்று முஸல்லா, மற்றொன்று தொழுகைக் கைநூல். ஒளுவின் ஃபர்ளுகள், தொழுகையின் நிபந்தனைகள், ஓத வேண்டிய சூறாக்கள், துஆக்கள் என அனைத்தையும் சில பக்கங்களில் அடக்கித் தரும் இச்சிறு நூல்கள், மதரஸாவின் வாயிலை மிதிக்க வாய்ப்பில்லாத எண்ணற்ற ஆண்களையும் பெண்களையும் தொழுகையாளிகளாக்கியுள்ளன. தமிழில் இஸ்லாமிய இலக்கியம் என்று பேசத் தொடங்கினால் நாம் சீறாப்புராணத்தைப் பேசுகிறோம்; மாலைகளையும் முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் பேசுகிறோம். நம் வீடுகளில் மிகுதியான கரங்கள் புரட்டிய நூல் இந்தக் கைநூலே என்பதை மறந்துவிடுகிறோம். காப்பியத்தை அளக்கும் நாம் கைநூலையும் அளந்து பார்ப்பது தகும். அதன் ஒரு பகுதியை மட்டும், இரவுத் தொழுகையைக் கூறும் பகுதியை மட்டும், இங்கே எடுத்துக்கொள்வோம்.

அப்பகுதி பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே அமைந்திருக்கும். இஷாவுக்கு இத்தனை, தராவீஹுக்கு இத்தனை, வித்ருக்கு இத்தனை, தஹஜ்ஜுதுக்கு இத்தனை என்று கட்டங்களில் எண்கள் நிற்கும். மனப்பாடம் செய்ய இம்முறை உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எண்ணைத் தந்துவிட்டு, அந்த எண்ணின் தகுதி என்ன, காலம் எது, எந்த இமாமின் தீர்ப்பின்படி இது கூறப்படுகிறது என்பவற்றைச் சொல்லாது விடுவதே இந்நூல்களின் முதற் குறை.

இரவுத் தொழுகை என்பது பொதுப்பெயர். இஷாவுக்குப் பின் வைகறை வெளுக்கும்வரை தொழப்படும் உபரித் தொழுகைகள் யாவும் அதனுள் அடங்கும். உறங்கி எழுந்து தொழுவது தஹஜ்ஜுத். ரமலான் இரவுகளில் இஷாவுக்குப் பின் தொழுவது தராவீஹ். நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை அமர்ந்து இளைப்பாறுவதால் வந்த பெயர் அது. இளைப்பாறல்கள் என்பதே அச்சொல்லின் பொருள். இரவின் தொழுகையை ஒற்றைப்படையாக்கி நிறைவு செய்வது வித்ரு. இரவுத் தொழுகை இரண்டிரண்டாக அமையும் என்றும், வைகறை நெருங்கிவிட்டதென அஞ்சினால் ஒன்று தொழுது அதனை ஒற்றைப்படையாக்குக என்றும் பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். இந்த ஓர் அறிவிப்பை விளக்கியிருந்தாலே அட்டவணையின் பாதி தெளிவாகியிருக்கும். நம் கைநூல்களோ நான்கு பெயர்களையும் நான்கு கட்டங்களில் அடைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

எந்த மத்ஹபின் நூல்?

இரண்டாவது குறை இதனினும் பெரிது. அதைப் புரிந்துகொள்ள நம் சமவெளியின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும்.

தமிழில் மார்க்கச் சட்ட நூல்கள் செழித்த நிலம் கடற்கரை. காயல்பட்டினமும் கீழக்கரையும் இலங்கையும் அரபுத் தமிழில் தந்த நூல்கள் பல. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' அவற்றுள் தலையாயது. கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். ஆதலால் அந்நூலும் அதன் வழிவந்தவையும் ஷாஃபிஈ சட்டத்தைப் பேசுகின்றன. அது அவற்றின் சிறப்பே அன்றிக் குறையன்று.

சேலம், நாமக்கல் சமவெளியின் நிலை வேறு. 1792இல் கும்பினியார் கைக்கு மாறும்வரை மைசூர் ஆட்சியில் இருந்த பகுதி இது. திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள சேலம் ஜாமிஆ பள்ளியில் திப்பு சுல்தான் தொழுததாக இன்றும் சொல்லப்படுகிறது. இங்கே தமிழ் பேசும் ராவுத்தர்களும் உருது பேசும் குடும்பத்தினரும் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். உருது இல்லங்கள் அஷ்ரஃப் அலீ தானவி அவர்களின் 'பிஹிஷ்தி ஸேவர்' போன்ற நூல்களைக் கொண்டு ஹனஃபி சட்டத்தை அறிந்துகொண்டன. தமிழ் மட்டுமே அறிந்த இல்லம் கைக்குக் கிடைத்த தமிழ்க் கைநூலையே நம்பியிருந்தது. அந்தக் கைநூல் எந்த மத்ஹபின்படி எழுதப்பட்டது என்பது அதன் அட்டையிலும் இல்லை. முன்னுரையிலும் பல சமயம் இல்லை.

இதனால் விளைவது யாது? வித்ரை எடுத்துக்கொள்வோம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அது வாஜிபு. மூன்று ரக்அத்தும் ஒரே ஸலாமில் தொழப்படும்; ஆண்டு முழுவதும் மூன்றாம் ரக்அத்தில் ருகூஉவுக்கு முன் குனூத் ஓதப்படும்; தவறினால் களாச் செய்வது கடமை. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடம் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. ஒன்று முதல் பதினொன்று வரை தொழலாம். மூன்று தொழுவோர் இரண்டில் ஸலாம் கொடுத்துப் பின் ஒன்று தொழுவது சிறப்பு. குனூத் ரமலானின் பிற்பாதியில், ருகூஉவுக்குப் பின் ஓதப்படும். இராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஒரு ஹனஃபி இல்லத்துப் பெண், கடற்கரை நூல் ஒன்றில் வித்ரு சுன்னத்து என்று படித்துவிட்டு, அசதியான இரவொன்றில் அதை விட்டுவிட்டால், தன் மத்ஹபின்படி கடமை ஒன்றைத் தவறவிட்டவராகிறார். நூலிலும் பிழையில்லை, படித்தவர் மீதும் குற்றமில்லை. இது யாருக்கு எழுதப்பட்டது என்ற ஒரு வரி இல்லாமையே குற்றம்.

தராவீஹிலும் இத்தகைய நுட்பம் உண்டு. நான்கு ரக்அத்தை ஒரே ஸலாமில் தொழுதால் ஹனஃபி சட்டப்படி நிறைவேறும். ஷாஃபிஈ சட்டப்படி இரண்டிரண்டாகத் தொழுதாலன்றி நிறைவேறாது. மாறாக, வணிகத்தின் பொருட்டுச் சேலம் வந்து தங்கும் கடற்கரை அன்பர் ஹனஃபி இமாமின் பின் வித்ரில் நிற்கத் தயங்க வேண்டியதில்லை. மூன்றையும் ஒரே ஸலாமில் தொழுவதை அவரது மத்ஹபும் அனுமதிக்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் ஸஃப்பில் ஓர் இடம் காலியாகாது.

எட்டா, இருபதா?

கைநூலின் குறை மௌனம் என்றால், 1980களிலிருந்து தமிழகமெங்கும் பெருகிய துண்டு நூல்களின் குறை இரைச்சல். தராவீஹ் எட்டா, இருபதா என்ற ஒரு வினாவைச் சுற்றி எழுந்த வெளியீடுகளை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். இரு தரப்பையும் நாம் படித்திருக்கிறோம். இரு தரப்பிலும் உழைப்பு உண்டு. இரு தரப்பிலும் ஒரே வகையான விடுபாடும் உண்டு.

எட்டு என்பார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பை முன்வைப்பர். ரமலானிலும் மற்ற நாள்களிலும் அண்ணலார் பதினொரு ரக்அத்துக்கு மேல் தொழுததில்லை என்பது அதன் செய்தி. எட்டும் மூன்று வித்ரும் சேர்ந்து பதினொன்று. அறிவிப்பு வலுவானது, புகாரியில் உள்ளது. ஆனால் அதே அறிவிப்பில் அன்னையார், அந்த ரக்அத்துகளின் அழகையும் நீளத்தையும் கேட்கவே வேண்டாம் என்று வியந்துரைத்த பகுதியும் உண்டு. எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிடும் வெளியீடுகள் அந்த வியப்பை மெல்லிய எழுத்தில் கடந்துவிடுகின்றன.

இருபது என்பார் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தை முன்வைப்பர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் அக்காலத்தைப் பற்றி இரண்டு அறிவிப்புகள் உள்ளன. ஸாயிப் இப்னு யஸீத் வழியாக வருவது பதினொன்று என்கிறது. யஸீத் இப்னு ரூமான் வழியாக வருவது இருபத்துமூன்று என்கிறது. பின்னவர் உமர் (ரலி) அவர்களின் காலத்தவர் அல்லர், அதனால் தொடர் அறுபடுகிறது என்பது எதிர்த்தரப்பின் வாதம். இமாம் பைஹகீ (ரஹ்) ஸாயிப் வழியாகவே இருபதைப் பதிவு செய்திருக்கிறார் என்பது மறுமொழி. முதலில் பதினொன்றாக இருந்து பின் இருபதாயிற்று என்று பைஹகீ இரண்டையும் இணைத்தும் காட்டுகிறார். ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகள் இருபதை ஏற்றன; மதீனத்துவாசிகளோ வித்ரு நீங்கலாக முப்பத்தாறு தொழுதனர். நிற்கும் நேரத்தின் நீளத்துக்கேற்ப இவை யாவும் தகும் என்று இப்னு தைமிய்யா (ரஹ்) தீர்ப்புக் கூறினார்.

இப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். முவத்தாவின் பதினொன்று என்ற அறிவிப்பில், நூறு நூறு வசனங்கள் கொண்ட சூறாக்கள் ஓதப்பட்டதும், நின்றவர்கள் கைத்தடியை ஊன்றி நின்றதும், வைகறை நெருங்கியே வீடு திரும்பியதும் கூறப்படுகின்றன. பைஹகீயின் இருபது என்ற அறிவிப்பிலும், உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் மக்கள் தடியூன்றி நின்ற செய்தி வருகிறது. எண்ணில் வேறுபட்ட அறிவிப்புகள் நிற்றலில் ஒன்றுபடுகின்றன! எட்டுக்கு வாதாடியவர்களும் இருபதுக்கு வாதாடியவர்களும் எண்ணை எடுத்துக்கொண்டார்கள், கைத்தடியை விட்டுவிட்டார்கள்.

விளைவை நம் பள்ளிகளில் காண்கிறோம். எட்டு முடிந்ததும் ஒரு கூட்டம் எழுந்து வெளியேறும். பின்வரிசை ஸஃப்புகள் அறுபடும். எஞ்சியோர் இருபதை நிறைவு செய்ய, ஓதலோ காற்றாய்ப் பறக்கும். வசனம் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்பது செவிக்குப் பிடிபடாது. முன்னவர் எண்ணைக் குறைத்துக் காலத்தைக் கூட்டவில்லை. பின்னவர் எண்ணைக் காத்து ஓதலைக் காக்கவில்லை. இதை எழுதும் நாமும் அந்த ஸஃப்பில் நிற்பவர்களே. ஆகவே இது பிறர்மீது சுமத்தும் குற்றச்சாட்டன்று.

இவ்வளவுக்கும் அந்த ஜமாஅத்து எதற்காக எழுந்தது? அண்ணலார் சில இரவுகள் தொழுவித்து, இது உம்மத்தின்மீது கடமையாகிவிடுமோ என அஞ்சி நிறுத்திக்கொண்டார்கள். பின்னர் பள்ளியில் தனித்தனியாகவும் சிறு குழுக்களாகவும் தொழுதுகொண்டிருந்த மக்களைக் கண்ட உமர் (ரலி), உபை இப்னு கஃப் (ரலி) அவர்களின் பின் அனைவரையும் ஒன்றாக நிறுத்தினார்கள். சிதறி நின்றவர்களைச் சேர்க்க எழுந்த தொழுகையைக் கொண்டே நாம் சிதறுகிறோம் என்பதைவிட வருந்தத்தக்கது வேறில்லை.

எழுதப்படாத பக்கங்கள்

வாதத்தில் செலவான தாள்களில் எழுதப்படாமல் போனவை பல. ஜமாஅத்துடன் வித்ரு தொழுதுவிட்டுப் பின்னிரவில் விழித்தவர் என்ன செய்வது? ஓர் இரவில் இரண்டு வித்ரு இல்லை என்பது நபிமொழி. ஆகவே அவர் இரண்டிரண்டாக விரும்பிய அளவு தொழலாம், வித்ரைத் திரும்பத் தொழ வேண்டுவதில்லை. எழுவோம் என்ற உறுதி உள்ளவர் வித்ரைப் பிற்படுத்துவது சிறப்பு. எழ மாட்டோமென அஞ்சுபவர் உறங்குமுன் தொழுவது நன்று. அபூபக்ர் (ரலி) முன்னிரவிலும் உமர் (ரலி) பின்னிரவிலும் வித்ரு தொழுதார்கள். அண்ணலார் இருவரையும் பாராட்டினார்கள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் இரவு ஷிப்டில் விசைத்தறி ஓட்டும் சகோதரருக்கு இந்த மசாயில் எட்டு, இருபது வாதத்தைவிட எத்துணை இன்றியமையாதது!

நாமக்கல்லிலிருந்து வடநாடு செல்லும் லாரிகளை நினைப்போம். பெருமானார் பயணத்தில் ஒட்டகத்தின்மீது அமர்ந்தபடியே, அது சென்ற திசையில், சைகையால் உபரித் தொழுகைகளைத் தொழுதார்கள். வித்ரையும் அவ்வாறே தொழுததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபு அதை அப்படியே ஏற்கிறது. ஹனஃபி மத்ஹபு உபரித் தொழுகைக்கு மட்டும் இதை அனுமதித்து, வித்ரு வாஜிபாதலால் தக்க காரணமின்றி வாகனத்தில் கூடாது, இறங்கித் தொழுக என்கிறது. ஓட்டுபவருக்கு இது பொருந்தாது. அவர் கையிலிருப்பது பிறர் உயிர். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாற்று ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் பொருந்தும். இதை எடுத்துரைக்கும் ஒரு பக்கத்தை நம் கைநூல்களில் தேடிக் களைத்தோம்.

2020ஆம் ஆண்டு ரமலானை நாம் மறந்திருக்க மாட்டோம். பெருந்தொற்றினால் பள்ளிகள் பூட்டியிருந்தன. மக்காவிலும் மதீனாவிலும் இரு புனிதப் பள்ளிகளின் தராவீஹ் ஐந்து ஸலாமுடன் பத்து ரக்அத்தாகச் சுருக்கப்பட்டது. இங்கோ தந்தையோ மகனோ முன்னிற்க, தாயும் மகள்களும் பின்னிற்க, கூடங்களில் ஸஃப்புகள் எழுந்தன. மனனமாயிருந்த சிறு சூறாக்களே ஓதப்பட்டன. முடிந்த அளவு தொழப்பட்டது. எழுந்து வெளியேறியவர் எவருமில்லை. அந்த இல்லத்து இமாமுக்கு உதவும்படி எழுதப்படும் நூலே இனி வரவேண்டிய கைநூல்.

அந்நூலுக்கு நாம் வேண்டுவன சிலவே. முதற் பக்கத்தில் மத்ஹபின் பெயர் இருக்கட்டும். மாறுபடும் இடத்தில் அடுத்த மத்ஹபின் தீர்ப்பும் கண்ணியத்துடன் கூறப்படட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் ஃபர்ளு, வாஜிபு, சுன்னத்து, நஃபில் என்ற தகுதி இருக்கட்டும். ஓதப்படும் சூறாவின் பொருள் எளிய தமிழில் அமையட்டும். தொழில் செய்வோரின் இரவு அதில் இடம்பெறட்டும்.

இது நம் சொந்த விருப்பம் மட்டுமன்று. இரவின் பெரும்பகுதி நிற்குமாறு கட்டளையிட்டுத் தொடங்கும் முஸ்ஸம்மில் சூறா, தன் இறுதி வசனத்தில் அந்தச் சுமையை இலேசாக்கி, இயன்ற அளவு ஓதுமாறு கூறுகிறது. அதற்குக் காரணமாக நோயாளிகளையும், இறைவனின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரையும், அவன் பாதையில் போரிடுவோரையும் குறிப்பிடுகிறது. லாரியில் செல்பவரும் தறியில் நிற்பவரும் இறைமறையின் நினைவில் இருக்கிறார்கள். நம் நூல்களின் நினைவில் இல்லாமல் போவது முறையா?

எண்ணைக் காத்த நம்மை, நிற்றலையும் காப்போராக ஆக்கி, பிரிந்த ஸஃப்புகளை வல்ல நாயன் இணைத்தருள்வானாக! ஆமீன்.