லாக்கப்பிலிருந்து வந்த சாட்சி

போலீஸ் அடியைப் பற்றித் தமிழில் பேசப்படும் படைப்புகளுள் மூன்றை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டுமென்பது நமது நெடுநாளைய எண்ணம். ஒன்று நூல், மற்ற இரண்டும் படங்கள். படங்களைப் பார்த்துக் கண்ணீர் வடித்தவர் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பலர். நூலைப் படித்தவரோ மிகச் சிலர். இது வருந்தத்தக்கது, ஏனெனில் மூன்றினுள்ளும் மூத்தது நூலே. மேலானதும் அதுவே என்பது நமது அபிப்பிராயம்.

நூலின் பெயர் 'லாக்கப்'. கோயமுத்தூரில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்த மு. சந்திரகுமார் எழுதி 2006இல் வெளிவந்தது. 'சாமானியனின் குறிப்புகள்' என்று அதற்கொரு துணைப்பெயரும் உண்டு. 1983இல், பிழைப்புத் தேடிப்போன இடமாகிய ஆந்திரத்துக் குண்டூரில், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அவரையும் தோழர்களையும் 13 நாட்கள் ஸ்டேஷனில் வைத்து அடித்ததும், பின்னர் அவர்கள் மாதக்கணக்கில் சிறையில் கிடந்ததுமே அதன் விஷயம். இதைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த படம் 'விசாரணை'. 2015இல் வெனிஸ் நகரத்து விழாவில் காட்டப்பட்டு, 2016இல் திரைக்கு வந்தது. த. செ. ஞானவேல் எடுத்து 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' மற்றொன்று.

இம்மூன்றினிடமும் நாம் கேட்பது ஒரே கேள்விதான். அடிக்கிறவனை எதிர்த்து நிற்பவர் யார்? அவருக்குக் கதையில் என்ன இடம்?

அடியைப் பற்றி எழுதியவர்களிற் பெரும்பாலோர் அதைப் பார்த்தவர்கள், அல்லது கேட்டவர்கள். சந்திரகுமார் வாங்கியவர். பண்டிதர்கள் இந்நூலின் நடையில் குறை காணக்கூடும், காணட்டும். முதுகு வீங்கிக் குப்புறக் கிடந்தவன் தன் கதையைத் தானே சொல்ல வரும்போது, அவனிடம் அணியிலக்கணம் கேட்பது நாகரிகமன்று. சம்பவம் நடந்து 23 ஆண்டுகள் கழித்தே நூல் அச்சேறிற்று. அத்தனை காலமும் ஒரு மனிதர் அந்த 13 நாட்களையும் மறக்க மறுத்திருக்கிறார். மறக்கச் செய்வது அடிக்கிறவனுடைய வேலையில் பாதி என்பதை அறிந்தவர்களுக்கு, இம்மறுப்பின் பெருமை விளங்கும். எந்தச் சங்கமும் கொடியும் பின்னில்லாத ஒரு தனி மனிதன் செய்யக்கூடிய போராட்டம் இதுவென்றால், அதை அவர் முழுமையாகவே செய்து முடித்துவிட்டார்.

நிற்க. 'விசாரணை' சாமானியமான படமன்று. (அதில் பாட்டே கிடையாது. அதற்காகவே டைரக்டருக்கு நாம் ஒரு வணக்கம் செலுத்துகிறோம்.) அதன் முற்பாதியில் வரும் கோர்ட்டுக் காட்சியை நம்மவர் ஒவ்வொருவரும் இரண்டாம் முறை பார்க்கவேண்டும். அடித்து நொறுக்கப்பட்ட தமிழ்க் கூலிகள் நீதிபதியின் முன் நிற்கின்றனர். அவர்களுக்குத் தெலுங்கு தெரியாது; நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. வேறொரு காரியமாக அங்கு வந்திருந்த தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்கிறார். அதன் பின்னரே உண்மை நீதிபதியின் காதில் விழுகிறது. அவர் வராதிருந்தால்? குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி, நால்வரையும் சிறைக்கு அனுப்பியிருப்பார்கள். அடியைவிட இந்தத் தற்செயல்தான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இக்காட்சியைப் பற்றி நாம் விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் படத்தின் பிற்பாதியைப் பற்றி நமக்கு ஒரு வழக்கு உண்டு. விடுதலையாகித் தமிழ்நாடு திரும்பும் நால்வரில் ஒருவன் வழியிலேயே இறங்கிவிடுகிறான். அவன் பெயர் குமார். மற்ற மூவரும் பார்க்கக்கூடாத ஒரு கொலையின் சாயலைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே பார்த்துவிட்டு, அதற்காக அழிக்கப்படுகிறார்கள். இப்பகுதி நூலில் இல்லை, படத்திற்காகச் சேர்த்தது. சேர்த்ததில் குற்றமில்லை. ஆனால் வழியில் இறங்கிப்போன அந்தக் குமாரன்றோ பிற்காலத்தில் நூலெழுதியவரின் பெயரைச் சுமப்பவன்! சாட்சியைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் படம் முன்னே போய்விடுகிறது. போலீஸ் யந்திரத்தின் முன் சாமானியன் தப்பவே முடியாது என்ற இருள் மட்டுமே பார்ப்பவர் நெஞ்சில் மிஞ்சுகிறது. தப்பி வந்து எழுதியும் வைத்த ஒருவரின் நூலிலிருந்து பிறந்த படத்திற்கு இம்முடிவு பொருந்துமா?

'ஜெய் பீம்' இதற்கு நேர் மாறானது. அங்கு இருள் இல்லை, வக்கீல் இருக்கிறார். 1993இல் கடலூர் ஜில்லா கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனில் ஓர் ஏழைத் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்ட மெய்யான வழக்கே கதைக்கு மூலம். ஆட்கொணர்வு மனுவை நடத்திய கே. சந்துரு பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். அவருடைய பெருமையில் ஒரு குன்றிமணியும் குறைக்க நாம் விரும்பவில்லை. எனினும் ஒரு வழக்கு வக்கீலின் மேஜைக்கு நடந்து வருவதில்லை. யாரோ அதைச் சுமந்து வரவேண்டும். இவ்வழக்கைச் சுமந்தவர்கள் கம்யூனிஸ்ட் (மார்க்சிஸ்ட்) கட்சியின் உள்ளூர் ஊழியர்கள். படத்தில் அந்த வேலையின் பெரும்பங்கு ஓர் ஆசிரியையிடம் போய்விட்டது. இறந்தவர் குறவர் வகுப்பினர். படத்தில் இருளர் ஆகிவிட்டார். கதைக்கு வசதியான மாற்றங்களே. ஆனால் மாறிப்போனவை எல்லாம் அடிமட்டத்து விஷயங்களாகவே இருப்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும். வக்கீலோ பெயர் மாறாமல் இருக்கிறார்.

இப்படத்திலும் நம்மை வென்ற காட்சி ஒன்று உண்டு. பிள்ளைத்தாய்ச்சியான செங்கேணி சிறுமகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிறாள். மேலிடத்து உத்தரவுக்குப் பயந்த போலீசார், "வண்டியில் ஏறிக்கொள்" என்று கெஞ்சியபடி ஜீப்பில் பின்னே ஊர்ந்து வருகின்றனர். அவள் ஏறவில்லை. கோர்ட்டில் முழங்கும் வசனங்களனைத்தையும் ஒரு தட்டில் வைத்து, அந்த நடையை மறு தட்டில் வைத்தால், நடையின் தட்டே தாழும்.

நாயகன் இல்லாமலே நடந்த காரியங்களைக் கலைஞர்கள் ஏன் தொடுவதில்லை? 1986 ஆகஸ்டில், மேற்கு வங்காளச் சட்ட உதவிச் சங்கமொன்றின் தலைவரான டி. கே. பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டி இந்தியாவின் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே மனுவாக ஏற்ற சுப்ரீம் கோர்ட்டு, 1996 டிசம்பரில் 11 விதிகளை வகுத்தது. கைதுசெய்யும் போலீஸ்காரர் பெயர்ச் சின்னம் அணியவேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் தரவேண்டும். 48 மணி நேரத்திற்கு ஒருமுறை வைத்தியர் பார்க்கவேண்டும். விதிகள் எவ்வளவு தூரம் நடக்கின்றன என்பது வேறு கேள்வி. ஒரு தபால் இவ்வளவு செய்தது.

தர்மபுரி ஜில்லா வாச்சாத்தியில் 1992 ஜூனில் வன இலாகாவினரும் போலீசாரும் ரெவின்யூ அதிகாரிகளும் மலைமக்களின் ஊரையே சூறையாடி, 18 பெண்களைக் கெடுத்தனர். அவ்வூரார் 19 ஆண்டுகள் கோர்ட்டுப் படி ஏறியிறங்கினர். 2011இல், உயிரோடிருந்த எதிரிகள் 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருஷத்துக் காத்திருப்பை இரண்டரை மணிப் படத்தில் அடக்குவது கடினந்தான். நாவலில் அடக்கலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலிலிருந்த தமிழ் இளைஞர் ஒருவர் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதற் பரிசோதனை. குடும்பத்தாரும் மற்றவர்களும் சவக்கிடங்கிற்குள் புகுந்து, உடலிலிருந்த காயங்களைப் படமெடுத்து ஊரறியச் செய்தனர். இரண்டாம் பரிசோதனை, அடியினால் தசை சிதைந்து மூத்திரக்காய் கெட்டதென்றது. 2013இல் உயர்நீதிமன்றம் 801,700 ரிங்கிட் நஷ்டஈடு விதித்தது. போலீசாரை விசாரிக்கச் சுதந்திரமான ஆணையம் வேண்டுமென்று அரச விசாரணைக் கமிஷன் சொன்னது 2005இல். அதனினும் அதிகாரம் குறைந்த ஓர் ஆணையம் வேலை தொடங்கியது 2023இல்.

அந்தச் சவக்கிடங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர்களில் யாரேனும் தம் குறிப்புகளை எழுதவேண்டும். கோயமுத்தூர் ஆட்டோக்காரருக்குக் கைகூடியது கிள்ளான் லாரிக்காரருக்குக் கைகூடாதா? நடை கரடாயிருந்தாலும் நமக்கு ஆட்சேபமில்லை. நாள், இடம், பார்த்தது, கேட்டது ஆகியவற்றைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி அனுப்புக. பெயரை வெளியிடவேண்டாமென்றால் வெளியிடமாட்டோம்.