மருந்தால் வரைகிறவர்

சிவகாசிப் பக்கம் யாரும் ‘வெடிமருந்து’ என்று முழுசாகச் சொல்வதில்லை. மருந்து, அவ்வளவுதான். மருந்து கலக்குறது, மருந்து அடைக்கிறது, மணி மருந்து காயவைக்கிறது. சீன மொழியிலும் அதன் பெயருக்கு ‘நெருப்பு மருந்து’ என்றுதான் பொருள். அந்த மருந்தையே சாயமாக எடுத்துக்கொண்ட ஓவியர் சாய் குவோ-சியாங். 1957இல் சீனாவின் சுவான்சோ நகரில் பிறந்தவர். அவருடைய அப்பா தீப்பெட்டிகள் மேல் சின்னச் சின்ன மலைக்காட்சிகள் வரைந்தவர். தீப்பெட்டியில் தொடங்கிப் பட்டாசுக்கு வந்த நம்ம ஊருக்கு இவர் ஒருவகையில் சொந்தக்காரர்தான்.

அவர் வரையும் முறை இது. தரையில் பெரிய தாளை விரிக்கிறார். வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த கருமருந்தைத் தூவுகிறார். வெட்டிய அட்டை வடிவங்களை வைத்து, திரி ஓட்டி, மேலே அட்டையால் மூடி, கற்களைப் பாரம் வைக்கிறார். பத்தவைத்தால் சில விநாடிதான். உதவியாளர்கள் ஓடிவந்து கங்குகளை அமுக்கி அணைக்கிறார்கள். தாளில் மிஞ்சுவது கருகிய ஓட்டைகள், பழுப்புக் கறைகள், புகை படிந்த சாம்பல் விளிம்புகள். பல படைப்புகளில் உருவம் கரைந்து வெறும் தழும்பாகிவிடுகிறது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘தற்செயல்’ என்ற சொல்லில் போய் நிற்கிறார்கள். நெருப்பு தானே வரைகிறது, கலைஞன் பிடியை விட்டுவிடுகிறான் என்று. பட்டாசு ஆலையின் போர்மேன் ஒருவரைப் பார்க்கச் சொன்னால் வேறொன்றைக் காட்டுவார்: அந்தக் கற்களை. திறந்து கிடக்கும் கருமருந்து ‘புஸ்’ஸென்று எரிந்து போகும். அழுத்தி மூடினால்தான் வெடிக்கும். வெடிக்குக் காகிதத்தை இறுக்கிச் சுற்றுவதும் இதற்குத்தான். எங்கே கல், எங்கே இடைவெளி என்பதை வைத்தே தாளில் கருமையும் வெளிறலும் வருகின்றன. என் கணக்கில் அவருடைய தூரிகை மருந்து அல்ல, கல்.

நிறத்துக்கு வரும்போது எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. வானத்தில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம். ஆனால் அந்த நிறம் சுடரில் மட்டும்தான் இருக்கும். எரிந்து முடிந்தால் சிவப்பு சாம்பலில் நிற்காது. கித்தானில் சிவப்பு தங்க வேண்டுமானால் தனியாக நிறப்பொடி வேண்டும். 2017இல் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் தங்கி அவர் செய்த வண்ண ஓவியங்கள் இந்த வகை. அங்கே நெருப்பு பொடியைத் தூக்கி எறிகிறது, அழுக்காக்குகிறது, நிறத்தைப் பிறப்பிக்கவில்லை. கருப்பு ஓவியங்களில் கறையே நெருப்பின் உடம்பு. அதனால்தான் அவை கனமாக இருக்கின்றன.

‘தற்செயல்’ என்ற சொல்லில் நான் இவ்வளவு தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டச் செய்திகளில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு: ‘உராய்வு’. மருந்து கலக்கும்போது உராய்வு, இத்தனை பேர் பலி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவ ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதி இருக்கிறது. விபத்து நடந்த பிறகுதான் அந்த எண்ணிக்கை நமக்கு நினைவு வருகிறது. சாயின் கூடத்தில் கல், அட்டை, அணைக்கும் கைகள் எல்லாம் தயாரான பிறகே தற்செயலுக்கு அனுமதி. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அது கேட்காமலேயே வருகிறது. இதை சாயின் குற்றமாகச் சொல்லவில்லை. அவருடைய கலையில் பாதி அந்த முன்னேற்பாடுதான். அதை மறைத்துவிட்டு ‘நெருப்பே வரைந்தது’ என்று எழுதுவதுதான் பிழை.

இந்த அளவுகோலை அவருடைய வான நிகழ்ச்சிகள் மேலும் வைத்துப் பார்க்கலாம். 2015 ஜூனில், சுவான்சோ அருகே ஒரு தீவில், 500 மீட்டர் உயர ‘வான் ஏணி’. முன்பு 3 முறை முயன்று நடக்காமல் போனது. 100 வயதுப் பாட்டிக்காக ஒரு விடியற்காலையில் எரிந்து மறைந்தது. 2016இல் வந்த ஆவணப்படத்தில் பார்க்கலாம், மனசு இளகும். 2025 செப்டம்பரில் திபெத்தின் மலைமுகட்டில், ஓர் ஆடை நிறுவனத்தோடு சேர்ந்து அவர் வெடித்ததோ பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. இரு தரப்பும் மன்னிப்புக் கேட்டன. ஏணி ஒரு ஆளுக்காக அளந்து கட்டியது. மலையில் அந்த அளவு இல்லை, காட்சி மட்டும்தான்.

தாளில் வெடித்தால் மிச்சம் ஓவியரின் கண்முன்னேயே கிடக்கும், அதற்கு அவர் பொறுப்பேற்றாக வேண்டும். வானத்தில் வெடித்தால் மிச்சம் இன்னொருவர் நிலத்தில் விழுகிறது. சாயின் சிறந்த படைப்புகள் தாளில்தான் இருக்கின்றன என்று நான் சொல்வது இதனால்தான். அடுத்த முறை அவருடைய வீடியோ ஏதாவது கண்ணில் பட்டால், வெடிக்கும் விநாடியை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால், குனிந்து கல் வைக்கிறார்களே, அதைப் பாருங்கள்.